பூனையின் பிரஷர் ஒரு நாள் 186, இன்னொரு நாள் 148: மருந்து உள்ளே என்னதான் செய்கிறது?

ஜனவரி 20, 2025. செந்தூலில் இருந்து ஒரு தம்பி கேட்டது

"அக்கா, எங்கள் வீட்டுப் பூனைக்குப் பதினான்கு வயது. சிறுநீரகம் பலவீனமாகிவிட்டது, கூடவே ரத்தக்கொதிப்பும் இருக்கிறது என்று சொல்லி அம்லோடிபின் கொடுத்தார்கள். அம்மா சாப்பிடுகிற அதே மாத்திரை. ஆரம்பத்தில் பிரஷரின் மேல் எண் 186 இருந்தது. அடுத்த முறை 148. நேற்று 172. மருந்து வேலை செய்கிறதா, இல்லையா? எண் ஏறுகிற நாளில் கொஞ்சம் கூட்டி, இறங்குகிற நாளில் கொடுக்காமல் விடலாமா?"

ஜனவரி 20, இரவு

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அம்லோடிபின் இன்று கொடுத்து இன்றே முழு பலனைக் காட்டுகிற மருந்து இல்லை. மனித உடலில் இருந்து அதில் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். பூனை உடலிலும் மெதுவாகத்தான் போகிறது. தினமும் கொடுக்கக் கொடுக்க ரத்தத்தில் சேர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில்தான் ஒரு நிலைக்கு வரும். மருத்துவர்கள் 7 முதல் 10 நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்வது அதனால்தான். நீங்கள் 172ஐப் பார்த்துக் கூட்டினால், அந்தக் கூடுதல் முழுதாக வேலை காட்டும் முன்பே அடுத்த அளவு 148 என்று வரும், உடனே நிறுத்துவீர்கள். அப்புறம் பூனையின் அழுத்தம் ஆடுவதற்கு நோயைவிட இந்தக் கூட்டலும் நிறுத்தலும்தான் பெரிய காரணமாக இருக்கும்.

எண் ஏன் மாறுகிறது என்பது பெரிய விஷயம். நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழக விலங்குக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எலிகளுக்கு அழுத்தம் எடுப்பது என் அன்றாட வேலை. இப்போது வீட்டில் கறுப்பி என்ற வயதான பூனைக்கும் அதே அம்லோடிபின்தான் போகிறது. அதனால் இதை நிதானமாக எழுத ஆசைப்படுகிறேன்.

முதலில் அளவு எடுப்பது. 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பூனைகளின் உடலுக்குள் சிறிய டெலிமெட்ரி கருவியை (உள்ளிருந்தே அழுத்தத்தை அளந்து வானலையில் அனுப்புவது) வைத்து, பூனை தன் இடத்தில் சும்மா இருக்கும்போது அழுத்தம் எவ்வளவு, மருத்துவர் பரிசோதிப்பது போல நடத்தும்போது எவ்வளவு என்று பார்த்தார்கள். சராசரியாக 18 மி.மீ. (பிரஷரை அளக்கும் பாதரச அலகு) அளவுக்கு ஏறியது. சராசரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பூனைக்குப் பூனை இருந்த வித்தியாசம். சில பூனைகளுக்கு ஏறவே இல்லை, இறங்கியது. ஒரு சிலவற்றுக்கு 70க்கு மேல் எகிறியது. உங்கள் 172இல் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காகத்தான் முறை வகுத்திருக்கிறார்கள். பூனையை அமைதியான அறையில் ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். அளக்கக் காலில் சுற்றும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்து ஐந்து முதல் ஏழு அளவுகள் எடுத்துச் சராசரி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கால், அதே ஆள், அதே கருவி. உங்கள் மூன்று எண்களும் இப்படி எடுத்தவைதானா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 21

நேற்று விட்டுப் போனது ஒன்று. மாத்திரையை எப்படி வெட்டுகிறீர்கள்? சிறிய பூனைக்கு வழக்கமான ஆரம்ப அளவு 0.625 மி.கி. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் மனித மாத்திரை 5 மி.கி. என்றால், அதை எட்டாக உடைக்க வேண்டும். சமையல் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரியது, ஒன்று சிறியது, மீதி தூள். திங்கட்கிழமை பூனைக்குப் போனதில் பாதிதான் செவ்வாய்க்கிழமை போகும். மருந்து உடலில் நீண்ட நேரம் தங்குவதால் இந்தக் குளறுபடியை அது ஓரளவு சமாளித்துவிடும், முழுதாக இல்லை. மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், வாங்கிவிடுங்கள். பூனைக்கான அளவிலேயே தயாரித்துத் தரும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவரிடமும் விசாரியுங்கள்.

ஜனவரி 24

பட்டர்வொர்த் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சராசரி இறங்கினால் போதும். நடுவில் ஏறி இறங்குவது வெறும் இரைச்சல். அதைப் பார்த்துக் குழம்பாதே."

அண்ணே, பல காலம் எல்லோருமே அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். ஆனால் முதன்முதலில் ஒரு விலங்கின் ரத்த அழுத்தத்தைக் கண்ணால் பார்த்தவருக்கே அது ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது தெரியும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் குழாய் பொருத்தி, ரத்தம் கண்ணாடிக் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறியதை 1733இல் வெளியான நூலில் எழுதினார். அந்த உயரம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 1847இல் கார்ல் லுட்விக் அதைச் சுழலும் உருளையில் கோடாகப் பதிய வைத்தார். அந்தக் கோட்டில் மூச்சோடு வரும் அலை தெரிந்தது, மூச்சைவிட மெதுவான அலையும் தெரிந்தது. மெதுவான அலையை 1876இல் முயல்களில் விவரித்த மேயரின் பெயரில்தான் இன்றும் அதை மேயர் அலை என்கிறோம். மனிதனுக்குப் பத்து விநாடிக்கு ஒன்று, எலிக்கு இரண்டரை விநாடிக்கு ஒன்று.

இனி உங்கள் கருத்துக்கு நேராக வருகிறேன். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்லும், மூளை இதயத்தை மெதுவாக்கி நாளங்களைத் தளர்த்தும். இந்த நரம்புகளை வெட்டினால் விலங்குக்கு நிரந்தரமாக ரத்தக்கொதிப்பு வரும் என்று நம்பினார்கள். 1973இல் கௌலி, லியார்ட், கைட்டன் மூவரும் நாய்களில் வெட்டிவிட்டு, ஏதோ ஒரு நேரத்தில் அளக்காமல் 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். நாள் முழுவதற்குமான சராசரி கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஆனால் ஏற்ற இறக்கத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. நாய் படுத்தால் கீழே போகும், எழுந்து குரைத்தால் மேலே பாயும்.

அந்த ஏற்ற இறக்கம் மட்டுமே உடலைக் கெடுக்குமா? ஷாங்காயில் சூ டிங்ஃபெங்கின் குழு இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் உழைத்தது. எலிகளில் அதே நரம்புகளை வெட்டி, வாரக்கணக்கில் வளர விட்டுப் பார்த்தார்கள். சராசரி அழுத்தம் சாதாரண எலியை ஒட்டியே இருந்தது. இருந்தும் இடது இதயவறை தடித்தது, பெருந்தமனிச் சுவர் தடித்தது, சிறுநீரகத்திலும் சேதம் தெரிந்தது. நம் அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர்ப் பம்பு சட்டென்று ஓடி நிற்கும்போது குழாய் 'டக்' என்று அதிருமே, மூட்டுகள் விட்டுப்போவது அந்த அதிர்ச்சியில்தான். ரத்த நாளத்துக்கும் இதே மாதிரி ஒன்றுதான் நடக்கிறது.

அதனால் அண்ணே, நீங்கள் இரைச்சல் என்று ஒதுக்குவது எலியின் இதயத்தில் தடிப்பாக நிற்கிறது. எடை போட்டுப் பார்க்கலாம்.

ஜனவரி 25

சின்னச் சேர்க்கை. இந்த ஆய்வுகள் எல்லாம் உள்ளே பொருத்திய குழாய் அல்லது டெலிமெட்ரியால்தான் முடிந்தன. எங்கள் கூடத்தில் ஆரம்பத்தில் வால் பட்டைதான் இருந்தது. எலியைக் குறுகிய குழாயில் அடைத்து, வால் நாளம் விரிவதற்காகச் சூடேற்றி, வாலில் பட்டை மாட்டி அளப்பது. பழக்கப்படாத எலி முதல் நாளில் காட்டும் எண்ணுக்கும், தினமும் பத்து நிமிடம் பழக்கிய எலி காட்டும் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. கூண்டு மாற்றிய அன்று அளந்தால் எல்லா எண்ணும் மேலே இருக்கும். நான் கூண்டு மாற்றும் நாளை அளவு எடுக்கும் நாளில் இருந்து பிரித்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன். வால் பட்டை தருவது அந்த நிமிடத்தின் எண். விநாடிக்கு விநாடி நடக்கும் ஆட்டத்தை அது பார்க்கவே முடியாது.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு விடுமுறை, நேரம் இருக்கிறது. மருந்துகளுக்கு வருவோம். தம்பியின் கேள்வியின் உயிரே இதுதான்: மருந்து எண்ணை மட்டும் இறக்குகிறதா, ஆட்டத்தையும் அடக்குகிறதா?

எங்கள் கூடத்தில் இருந்தவை கியோட்டோவில் ஒகமோட்டோவும் ஆவோகியும் 1963இல் உருவாக்கிய வம்சத்து எலிகள். எஸ்.எச்.ஆர். என்பார்கள். யாரும் எதுவும் செய்யாமலே வளர வளர இவற்றுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். சராசரியும் உயரம், ஏற்ற இறக்கமும் அதிகம், அழுத்த உணர்விகளும் மந்தம். மருந்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைப்பது கஷ்டம்.

இவற்றுக்கு ஹைட்ராலசின் கொடுத்தால் அழுத்தம் நன்றாக இறங்கும். நாளத்தை நேரடியாகத் தளர்த்துகிற மருந்து. ஆனால் தடித்த இதயம் தடித்தபடியே இருக்கும். அழுத்தம் சட்டென்று விழுந்ததும் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு, பரிவு நரம்புகளை (உடலை அவசரத்துக்கு உசுப்புபவை) தூண்டி இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. காகிதத்தில் எண் அழகாக இருக்கும், இதயம் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும் பழைய வகை நிஃபெடிபினிலும் இதே சிக்கல்தான். மருந்து உச்சத்தில் இருக்கும்போது பள்ளம், தீர்ந்ததும் மேடு.

கெட்டான்செரின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து வேறு மாதிரி. ஷாங்காய் குழு இதைக் குறைந்த அளவில் கொடுத்தபோது, சராசரி பெரிதாக இறங்காமலே ஏற்ற இறக்கம் குறைந்தது, அழுத்த உணர்விகளின் கூர்மை கூடியது, உறுப்புச் சேதமும் குறைந்தது. எண்ணே அசையவில்லை, உடல் தேறியது! இதை முதலில் படித்தபோது நான் விலங்குக்கூடத்தின் பின்படியில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தேன். நாங்கள் வருடக்கணக்கில் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண்ணை நிரப்பிக்கொண்டிருந்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

2005இல் அதே குழு அட்டெனலாலையும் நைட்ரென்டிபினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது அழுத்தமும் ஆட்டமும் கூடுதலாக அடங்கின, உறுப்புகளும் கூடுதலாகக் காக்கப்பட்டன. நைட்ரென்டிபின் நாளத்தைத் தளர்த்துகிறது, அதனால் வரும் இதயப் படபடப்பை அட்டெனலால் பிடித்து வைக்கிறது.

உங்கள் பூனையின் அம்லோடிபினும் நைட்ரென்டிபினின் குடும்பம்தான், நாளத் தசைக்குள் கால்சியம் போகும் வழிகளை அடைத்து நாளத்தைத் தளர்த்தும் மருந்து. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். பூனைக்கு இதை முதல் தேர்வாக வைத்திருப்பதற்குப் பெரிய காரணம், இது பூனையின் அழுத்தத்தை 30 முதல் 50 மி.மீ. வரை இறக்கிவிடுவது. பெனசெப்ரில் போன்ற வேறு வகைப் பிரஷர் மருந்துகளைத் தனியாகக் கொடுத்தால் பத்து மி.மீ. அளவுக்குத்தான் இறக்கும். நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதை நான் இரண்டாவது காரணமாகச் சொல்வேன்.

பிப்ரவரி 2

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். இரண்டு விஷயங்களைச் சேர்க்காவிட்டால் யாராவது வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

ஏற்ற இறக்கம் என்று ஒரே சொல்லில் எழுதினாலும் அது ஒரே பொருள் இல்லை. விநாடிக்கு விநாடி ஆடுவது ஒன்று. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. இந்த மாதம் கிளினிக்கில் எடுத்ததற்கும் அடுத்த மாதம் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று. எலி ஆய்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் பார்க்கின்றன. தம்பியின் 186, 148, 172 மூன்றாம் வகை. 2010இல் ஆக்ஸ்போர்டின் ராத்வெல் குழு மனிதர்களில் வெளியிட்டதும் இந்த மூன்றாம் வகைதான். மருத்துவரைப் பார்க்க வரும்தோறும் எண் அதிகம் மாறுகிறவர்களுக்கு, சராசரி எப்படி இருந்தாலும், பக்கவாதம் அதிகம் வந்தது. அம்லோடிபின் சாப்பிட்டவர்களுக்கு அந்த மாறுதல் குறைவு, அட்டெனலால் சாப்பிட்டவர்களுக்கு அதிகம். எலியிலோ அட்டெனலால் நல்ல கூட்டாளியாக இருந்தது என்று இப்போதுதான் எழுதினேன். இரண்டும் உண்மையாக இருக்க முடியும், ஏனென்றால் அளந்தது வேறு வேறு ஆட்டங்களை. மருந்து ஒரு வகையை அடக்கி, இன்னொன்றைத் தொடாமலே விடலாம். மேயர் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளங்களை இறுக்கும் நரம்புச் செய்தியைத் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்தால் எலியில் அது பெருமளவு அடங்கிவிடும். அதை வைத்து மாதாமாதம் கிளினிக்கில் வரும் எண் சீராகிவிடும் என்று சொல்ல வழியில்லை.

அடுத்தது கணக்கு. அழுத்தம் 200ஐச் சுற்றி ஆடும்போது திட்ட விலக்கம் (எண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) பெரிதாக இருக்கும். 140க்கு இறங்கினால் ஆட்டமும் தானாகவே சின்னதாகத் தெரியும். மருந்து ஏற்ற இறக்கத்தைக் குறைத்தது என்று யாராவது சொன்னால், சராசரி இறங்கியதால் வந்த குறைவு எவ்வளவு, தனியாகக் குறைந்தது எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதற்காகச் சராசரியால் வகுத்துச் சதவீதமாகவும் பார்ப்பார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் கட்டுரையை என்னிடம் காட்டும்போது நான் முதலில் விரல் வைத்துத் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

பிப்ரவரி 6

நேற்று இரவு பினாங்கு முழுக்க வாணவேடிக்கை. ஹொக்கியன் மக்கள் வானரசருக்குப் பூசை செய்யும் இரவு. ஜார்ஜ் டவுனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நள்ளிரவில் வானம் பிளக்கும். கறுப்பி அலமாரிக்குப் பின்னால் போனவள் காலையில் கெம்போங் மீன் வாசனைக்குத்தான் வெளியே வந்தாள்.

இன்று அவளுக்கு அளவு எடுக்க வேண்டிய நாள். கிளினிக்குக்கு அழைத்துத் தள்ளிப்போட்டுவிட்டேன். இன்று எடுத்தால் வருகிற எண் வெடிச்சத்தத்தின் எண்ணாக இருக்கும், அதைப் பார்த்து மருந்தை யாரும் மாற்றிவிடக் கூடாது. புதிதாகப் பூனைக்கு மருந்து தொடங்கியவர்கள் இதைக் கவனியுங்கள். மருந்து கொடுப்பதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பிப்ரவரி 9

மிசாய் கூச்சிங் (பூனைமீசைச் செடி) இலைத் தேநீர் பூனைக்குக் கொடுக்கலாமா என்று ஆயர் ஈத்தாமில் இருந்து ஒரு சகோதரி கேட்கிறார். அவர் கணவர் பிரஷருக்குக் குடிக்கிறாராம்.

வேண்டாம் சகோதரி. இந்தப் பூனைமீசைச் செடி பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. ஜப்பானில் இதன் இலையில் இருந்து மெத்தில்ரிபாரியோகுரோமீன் என்ற பொருளைப் பிரித்து, பக்கவாதம் வரும் வகை எஸ்.எச்.ஆர். எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். அழுத்தம் இறங்கியது, இதயத் துடிப்பும் குறைந்தது. ஆனால் அது பிரித்தெடுத்த ஒற்றைப் பொருள், எலிக்கு, ஊசியில். இரவுச் சந்தையில் வாங்கும் உலர்ந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். இலையில் பொட்டாசியமும் அதிகம், அதோடு சிறுநீரைக் கூட்டும். சிறுநீரகம் கெட்ட பூனை ஏற்கனவே நீர் வற்றிப்போய் இருக்கும். அம்லோடிபினோடு அதையும் ஊற்றினால் அழுத்தத்தின் ஆட்டம் கூடலாம். உங்கள் கணவரும் மாத்திரையோடு இதைக் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லட்டும்.

பிப்ரவரி 13

தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலையில் இருந்து திரும்பியவர் ஒருவர் இந்த இணைய இழையைப் படித்துவிட்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார். "நரம்பை வெட்டி எலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள். முருகன் சந்நிதியில் நின்றுவிட்டு வந்து இதைப் படிக்க முடியவில்லை."

ஐயா, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். எனக்கு அது சாதாரணம் இல்லை. கையில் பிடித்த எலியின் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். நிமிடத்துக்கு முந்நூறுக்கு மேல். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் மூன்று கொள்கைகளை எழுதினார்கள்: விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படியே செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, பயன்படுத்துகிறதற்கு வலியை முடிந்தவரை குறை. டெலிமெட்ரி வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. குழாயில் அடைக்க வேண்டாம், சூடேற்ற வேண்டாம். அதே எலியின் மருந்துக்கு முந்தைய நாட்களோடு பிந்தைய நாட்களை ஒப்பிடலாம் என்பதால் எலிகளும் குறைவாகவே போதும். அது நல்ல அறிவியல், கருணையும்கூட. பயந்த எலி தருவது பயத்தின் எண்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. லண்டனில் ராயல் கால்நடைக் கல்லூரிக்காரர்கள் வீடுகளில் வாழும் வயதான பூனைகளை அவற்றின் சொந்தக்காரர்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் பார்த்து வருகிறார்கள். வெட்டுவதும் இல்லை, அடைப்பதும் இல்லை. அழுத்தம், ரத்தம், சிறுநீர் பார்த்து, நோய்க்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கொதிப்புக்குச் சிகிச்சை பெற்ற பூனைகளில் எவ்வளவு காலம் வாழும் என்பதோடு அதிகம் தொடர்புடையது சிறுநீரில் புரதம் போகும் அளவுதான் என்று 2007இல் அங்கிருந்து வந்தது. வீட்டுப் பூனைகள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நம் நாட்டிலும் கிளினிக்குகள் ஒரே முறையில் அளந்து குறித்து வைத்தால் இதைச் செய்யலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

பிப்ரவரி 14

நாய் வளர்க்கிறவர்கள் இருவர் கேட்டதால் சுருக்கமாக. நாய்க்குப் பொதுவாக முதலில் அம்லோடிபின் மட்டும் கொடுப்பதில்லை. அது சிறுநீரக வடிகட்டிக்குள் போகும் நாளத்தைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் கூட்டிவிடலாம் என்பதால் பெனசெப்ரில், டெல்மிசார்டன் போன்ற ஒன்றோடு சேர்ப்பார்கள். சில நாய்களுக்கு அம்லோடிபினால் ஈறு தடிக்கும், வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேஹவுண்ட் வகைக்கு இயல்பாகவே பத்து இருபது கூடுதலாக இருக்கும், பதற வேண்டாம்.

பிப்ரவரி 22

காலையா, இரவா என்று தம்பி மறுபடி கேட்டிருந்தார்.

எலிக்கு இது பெரிய கேள்வி. எலி இரவில் விழித்திருக்கும், அதன் அழுத்தம் இரவில்தான் உயரம். நாங்களோ பகலில் வேலைக்கு வந்து பகலில் மருந்து கொடுப்போம், அதாவது அது தூங்கும் நேரத்தில். சீக்கிரம் தீரும் மருந்தாக இருந்தால் அது எழுந்து ஓடும் நேரத்துக்குள் பாதி போயிருக்கும். 1990இல் உருவான ஒரு வகை மரபணு மாற்ற எலியில் இந்தத் தாளமே தலைகீழ். ஓடியாடும் இரவில் அழுத்தம் குறைவு, தூங்கும் பகலில் உயரம். மருந்தின் நேரத்தைப் படிக்க அதை நிறையப் பயன்படுத்தினார்கள்.

மனிதர்களுக்கு 2022இல் பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் காலையோ மாலையோ, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. உங்கள் பூனைக்கு எந்த நேரம் உங்களால் தவறாமல் கொடுக்க முடியுமோ அந்த நேரம்தான் சரி. நீங்கள் காலையில் பசியாறும்போது அதற்கும் கொடுத்துவிடுங்கள். அளவு எடுக்கப் போவதும் மருந்து கொடுத்து ஏறக்குறைய அதே மணி நேரம் கழித்தாக இருந்தால் எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம்.

மார்ச் 1

நேற்று உறவினர் வீட்டு விசேஷம். என் சித்தி சொல்கிறார்: "பிரஷர் நல்லா இருந்துச்சு, அதான் மாத்திரையை நிப்பாட்டிட்டேன்." நம் வீடுகளில் இதைக் கேட்காத நாள் இல்லை. 2019 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் எத்தனை பேர் சித்தியைப் போல விட்டு விட்டுச் சாப்பிடுகிறார்களோ!

விலங்குகளில் இதைப் பச்சையாகப் பார்க்கலாம். குளோனிடின் என்ற மருந்தை எலிக்குத் தொடர்ந்து கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இதயம் வேகமெடுக்கும், அழுத்தம் திடீர் திடீரென்று மேலே குத்தும். மனிதர்களுக்கும் அப்படியே. எல்லா மருந்தும் இந்த அளவுக்கு மோசமில்லை, அம்லோடிபின் மெல்ல விலகுவதால் இந்தக் குத்து வராது. ஆனால் கொடுப்பதும் விடுவதுமாக இருந்தால் மாதத்துக்கு மாதம் மாறும் அந்த மூன்றாம் வகை ஆட்டத்தை நாமே உண்டாக்குகிறோம். சித்தியிடம் எலிக்கதையைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் மாத்திரைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். வாரத்துக்கு அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8

தம்பி நல்ல செய்தி எழுதியிருக்கிறார். முன்பு அளவு எடுத்த இடத்தில் பூனையைக் கூடையில் இருந்து எடுத்த உடனே, நாய்கள் குரைக்கும் முன்னறையில் வைத்தே அளந்தார்களாம். இப்போது வேறு இடம். தனி அறை, பத்து நிமிடம் காத்திருப்பு, முன்காலில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டு அளக்கும் கருவி), ஏழு அளவின் சராசரி. மாத்திரையும் ஒழுங்காக வெட்டப்படுகிறது. வந்த எண் 154, பிறகு 150. மருந்தின் அளவு மாறவே இல்லை.

தம்பி, 160க்குக் கீழே வந்துவிட்டது, நல்லது. முடிந்தால் 140க்குக் கீழே கொண்டுபோகப் பார்ப்பார்கள், அவசரம் வேண்டாம். அம்லோடிபின் போதாவிட்டால் மருத்துவர் டெல்மிசார்டன் பற்றிப் பேசலாம், பூனைகளுக்கென்றே அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற மருந்து. 120க்குக் கீழே போய்ப் பூனை சோர்ந்து தள்ளாடினால் உடனே சொல்லுங்கள், அது மருந்து அதிகமாகிவிட்டதன் அறிகுறி. அடுத்த முறை விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்த அழுத்தம் பூனையில் முதலில் பிடுங்குவது கண்ணைத்தான். வெளிச்சத்திலும் கருவிழி அகலமாக விரிந்தே இருந்தாலோ, பூனை நாற்காலியில் முட்டிக்கொண்டாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். சிறுநீரில் புரதமும் பார்த்தார்களா என்று எழுதுங்கள், அந்த எண் வந்ததும் மேலே பேசலாம்.